3 கிராம் கணக்கைப் பார்க்காமல் ஓட்ஸைக் குறை சொல்ல வேண்டாம்

ஓட்ஸ் பாக்கெட்டில் வரும் ‘கொலஸ்ட்ராலைக் குறைக்கும்’ என்ற வாசகம் வெறும் விளம்பரம் என்று நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது அப்படியல்ல. உணவு லேபிள் வாசகங்களுக்கான 1924/2006 ஒழுங்குமுறைப்படி, அறிவியல் மதிப்பீட்டுக்குப் பின் அனுமதி பெற்ற வாசகத்தைத்தான் அச்சிட முடியும். ஓட்ஸில் உள்ள பீட்டா-குளுக்கன் என்ற நார்ச்சத்துக்கு அந்த அனுமதி உண்டு. ஆனால் ஒரு வேளைப் பங்கில் குறைந்தது 1 கிராமாவது இருக்க வேண்டும். நாளுக்கு 3 கிராம் சாப்பிட்டால்தான் பலன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்ஸில் பீட்டா-குளுக்கன் சுமார் 4 சதவீதம். 40 கிராம் ஓட்ஸ் போட்ட கஞ்சியில் 1.6 கிராம் கிடைக்கும். 3 கிராமுக்கு 75 கிராம் ஓட்ஸ் தேவை. 20 சதவீதம் ஓட்ஸ் கலந்த பிஸ்கட்டை 50 கிராம் தின்றாலும் 0.4 கிராம்தான் சேரும்.

எடையில் தெரியாத சிக்கல் ஒன்றும் உண்டு. குடலில் கொழகொழவென்று கெட்டிப்பட்டு, கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகும் பித்த அமிலங்களை வெளியேற்றுவதால்தான் இந்த நார் வேலை செய்கிறது. ரொட்டிக்காக மாவு புளிக்கும்போது மாவிலுள்ள நொதிகள் அதன் நீண்ட சங்கிலியைத் துண்டாக்கிவிடும். லேபிளில் கிராம் குறையாது, கெட்டித்தன்மை போய்விடும்.

அந்தக் கட்டுரை பிடித்திருக்க வேண்டிய ஓட்டை வேறு. சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவுகள் இத்தகைய வாசகங்களைப் பயன்படுத்தாமல் தடுக்கும் அளவுகோல்களை 2009 ஜனவரிக்குள் வகுக்க வேண்டும் என்று அதே ஒழுங்குமுறை சொன்னது. கெடு கடந்து பல ஆண்டுகளாகியும் அவை வரவில்லை. சர்க்கரை கொட்டிய ஓட்ஸ் சீரியலும் 1 கிராம் கணக்கைக் காட்டி அந்த வாசகத்தைப் போட்டுக்கொள்ள முடிவது இதனால்தான்.