சேதுபதிக்கு எதற்கு க்ளைமாக்ஸ் சண்டை?

சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கும் என் பழைய கூட்டாளி போன வாரம் லொக்கேஷன் பார்க்க ஊருக்கு வந்திருந்தான். நாடிழந்த ராஜா ஒருவரைப் பற்றிய சரித்திரப் படமாம். தேவிபட்டினம் கரையில் உட்கார்ந்து கதை சொன்னான். முக்கால்வாசி நன்றாகத்தான் போனது. கடைசியில் ராஜா சிறையை உடைத்து வந்து, தனுஷ்கோடி மணலில் வெள்ளைக்காரனோடு மோதிச் சாகிறார்.

"ஏன்டா இப்படி?" என்றேன். "சும்மா சிறையில உட்கார்ந்திருந்தா எவன் பார்ப்பான்?" என்றான். வழக்கம்போல, பதில் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

நம்ம ராமநாதபுரம் ராஜா முத்துராமலிங்க சேதுபதியையே பாருங்கள். பிறந்தது 1760. குழந்தையிலேயே பட்டம். 1772இல் ஆற்காட்டு நவாபின் ஆட்களும் கிழக்கிந்தியக் கும்பெனிப் படையும் ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தபோது அவருக்கு 12 வயது. தாயோடு திருச்சிக் கோட்டையில் காவல். அங்கேயே மீசை முளைத்து, வாலிபனாகத் திரும்பி வந்து நாட்டை ஆண்டார். துணி வியாபாரத்திலும் சுங்கத்திலும் கும்பெனிக்கு வளைந்து கொடுக்கவில்லை. 1795இல் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே? அதே திருச்சிக்கு!

பன்னிரண்டு வயதில் ஏறிய படியில் முப்பத்தைந்து வயதில் மறுபடி ஏறுகிறார். கூட அம்மா இல்லை. இதைவிட என்ன காட்சி வேண்டும்?

1799இல் முதுகுளத்தூர்ச் சீமையில் மயிலப்பன் சேர்வைக்காரர் கும்பெனிக்கு எதிராகக் கிளம்பியபோது, ராஜா கம்பிக்குள். தன் பெயரால் சனங்கள் சாகிறார்கள், அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் 1803இல் தமக்கை மங்களேஸ்வரி நாச்சியாருக்குக் கும்பெனி ஜமீன் பட்டம் கொடுக்கிறது. அரசு போய் ஜமீனாகிவிட்டது. அதுவும் சொந்த ரத்தத்தின் கையில். அந்தச் செய்தியைக் கேட்ட ராத்திரியை ஒரு நல்ல நடிகரிடம் கொடுத்துப் பாருங்கள்.

1809இல் சென்னையில், காவலில் இருந்தபடியே போய்ச் சேர்ந்தார். சென்னையிலும் கடல் இருக்கிறது. ஆனால் அங்கே அலை விடாமல் அறையும். பாக் நீரிணைக் கரையில் வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் பாதி நாள் குளம் மாதிரி கிடப்பதுதான். அந்த இரைச்சலில் எப்படித் தூங்கினாரோ.

சண்டைதான் பார்க்க வேண்டுமென்றால் ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துச் சுவரில் தஞ்சாவூர் மராட்டியரோடு நடந்த போரையே வரைந்து வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இதையெல்லாம் அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: "சூப்பர் மச்சான். ஆனா ப்ரொடியூசர் தனுஷ்கோடியில ட்ரோன் ஷாட் கேட்கிறாரு."