விலையை விடுங்கள், பணம் எந்தத் தேதியில் வரும்?

விவசாயக் கூட்டுறவுச் சங்கம் பற்றிப் பேச்செடுத்தாலே, "வெளியில் விற்பதைவிட எவ்வளவு கூடக் கிடைக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் உறுப்பினருக்குச் சங்கம் தரும் பெரிய நன்மை நிம்மதிதான் என்பேன்.

அறுவடை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருடைய விளைச்சலும் ஒரே சமயத்தில் வந்து குவியும். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பார். வைத்திருந்து விற்கக் கிடங்கு கிடையாது. வியாபாரி வைத்ததுதான் விலை, அவர் தராசில்தான் எடை. ஈரப்பதம் என்று கொஞ்சம், தூசி என்று கொஞ்சம் கழிப்பார். மிச்சப் பணத்துக்கு "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார். இதே சரக்கைச் சங்கத்தில் கண்ணெதிரே எடை போட்டு, ரசீது கொடுத்து, இன்ன தேதியில் பட்டுவாடா என்று சொல்லி அதன்படி நடந்தால், விலை அதேதான் என்றாலும் அந்த வீட்டில் வட்டிக்கு வாங்குவது குறையும். பிள்ளையின் படிப்புச் செலவைத் திட்டமிட முடியும்.

டென்மார்க்கில் 1882-இல் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை தொடங்கியது. பாலாடையைப் பிரிக்கும் சுழல் இயந்திரம் அப்போது புதுசு. நாலைந்து மாடு வைத்திருப்பவர் அதைத் தனியாக வாங்க முடியாது, சேர்ந்தால் முடியும். அங்கே பரவிய சங்கங்களில் லாபம் ஊற்றிய பாலின் அளவுப்படி, ஓட்டு மட்டும் ஆளுக்கு ஒன்று. நூறு மாட்டுக்காரருக்கும் ஒன்றுதான். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, சங்கத்தில் சேர்ந்தவர் எல்லாம் நன்றாக இருக்கிறாரா? இதை அளப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஏற்கெனவே நிலமும் சாலை வசதியும் உள்ளவர்தான் முதலில் சேருகிறார், அதனால் அவர் வசதி சங்கத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இன்னொரு பக்கம், சங்கம் நல்ல விலை கொடுத்தால் பக்கத்து வியாபாரியும் ஏற்றித்தான் ஆக வேண்டும். உறுப்பினரல்லாதவருக்கும் அதில் பலன் உண்டு, ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தால் "வித்தியாசமே இல்லையே" என்று தோன்றும்!

சங்கம் கெட்டுப்போகும் விதமும் தெரிந்ததுதான். தேர்தல் நடக்காது, கணக்கு உறுப்பினர் கூட்டத்துக்கு வராது, கடன் நிர்வாகிகளுக்கு வேண்டியவர்களுக்கே போகும். அப்புறம் அதுவும் இன்னொரு வியாபாரிதான். உறுப்பினர்களும் சளைத்தவர்கள் இல்லை: வெளியில் விலை ஏறினால் சரக்கை அங்கே தள்ளிவிட்டு, விழுந்தால் மட்டும் சங்கத்தைத் தேடி வருவார்கள். எந்தச் சங்கம் தாங்கும்?

எனக்குப் பெரிய குறை வேறு. குத்தகைக்குப் பயிர் செய்பவரிடம் நிலப் பத்திரம் இல்லை, அதைக் கேட்கிற சங்கத்தில் அவருக்கு இடமில்லை. மாட்டைக் குளிப்பாட்டித் தீவனம் வைத்துப் பால் கறப்பது மனைவி, பதிவேட்டில் இருப்பது கணவர் பெயர். பணமும் ஓட்டும் அவருக்கே. நிலப் பத்திரத்தைப் பார்த்துச் சேர்ப்பதை விட்டு, உழைப்பவரைப் பார்த்துச் சேர்க்கட்டும். பணம் அந்தப் பெண்ணின் கணக்கிலேயே ஏறட்டும்.