கேப்டன் அமெரிக்கா ஸ்டான் லீயின் படைப்பா?

"கேப்டன் அமெரிக்காவை உருவாக்கியவர் ஸ்டான் லீ" என்ற வரி காமிக்ஸ் நூல் விமர்சனங்களில்கூட அடிக்கடி வருகிறது. மார்வெல் காமிக்ஸின் புகழ்பெற்ற எழுத்தாளர் லீ என்பது சரி; ஆனால் இந்த வரி தவறு. ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் சேர்ந்து உருவாக்கிய நாயகன் அவன். டைம்லி காமிக்ஸ் (பின்னாளில் மார்வெல்) வெளியிட்ட முதல் இதழில் 1941 மார்ச் என்று தேதி இருக்கும்; அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்து விழும். அமெரிக்கா அப்போது போரில் இறங்கவே இல்லை! அந்தத் துணிச்சலுக்கான பெருமை இந்த இருவருக்குத்தான் சேர வேண்டும்.

லீ அப்போது அதே நிறுவனத்தில் எடுபிடி வேலை பார்த்த 18 வயதுப் பையன். மூன்றாம் இதழில் சின்ன உரைநடைக் கதை ஒன்று எழுதினார். கேப்டன் கேடயத்தை வீசியெறிவது முதலில் வந்தது அதில்தான். ரசிகனாக எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. லீயைப் பாராட்ட இதுவே போதுமே.

அப்புறம் 1964இல், 'அவெஞ்சர்ஸ்' என்ற காமிக்ஸ் தொடரின் நான்காம் இதழில், பனியில் உறைந்து கிடந்த நாயகனை லீயும் கிர்பியும் மீட்டு வந்தார்கள். குழப்பம் இங்கிருந்து வந்திருக்கலாம்.

சரி, 1941 இதழ்களின் தொகுப்பை விமர்சிக்கிறீர்களா? படைப்பாளிகள் என்ற இடத்தில் சைமன், கிர்பி என்று எழுதுங்கள்.