பழைய சம்பளத்தைக் கேட்க நீங்கள் யார்?

கரண்ட் சிடிசி எவ்வளவு? எக்ஸ்பெக்டட் சிடிசி எவ்வளவு? நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்? பெங்களூரில் வேலை தேடும் எல்லோருக்கும் இந்த மூன்று கேள்வியும் மனப்பாடம். சிடிசி என்றால் கம்பெனி ஒருவருக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை; நோட்டீஸ் பீரியட் என்றால் ராஜினாமா கொடுத்தபின் பழைய இடத்தில் வேலை பார்க்க வேண்டிய நாட்கள். என்ன வேலை தெரியும், இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் அப்புறம்தான். போன் செய்கிற கன்சல்டன்சிக்காரர் தன் கம்பெனி பேரைக்கூட முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார், அதற்குள் என் சம்பளம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆன்லைன் விண்ணப்பமாக இருந்தால் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கமே திறக்காது.

எனக்கு இது பொறுக்கவே முடியவில்லை. நான் இன்னொரு இடத்தில் வாங்கிய சம்பளம் எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் இடையில் உள்ள விஷயம். அதை வைத்து நீங்கள் என் விலையை எழுதுவது என்ன நியாயம்?

சமீபத்தில் பெல்லந்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் டெக்னிக்கல் ரவுண்டெல்லாம் முடித்தேன். மேனேஜர் நன்றாகப் பேசினார், டீமையும் அறிமுகப்படுத்தினார். அப்புறம் எச்ஆர் அழைப்பு. நம்ம ஊர்ப் பெண்தான், பேச்சில் கொங்கு வாடை. "உங்க கரண்ட் ஏழு லட்சங்க. கம்பெனி பாலிசிப்படி முப்பது பர்சென்ட்டுக்கு மேல ஹைக் தர முடியாதுங்க. ஒன்பது பாயின்ட் ஒண்ணு வரும்" என்றார். "சரிங்க, இந்த வேலைக்கு நீங்க ஒதுக்கியிருக்கிற தொகை எவ்வளவு?" என்று கேட்டேன். "அது கான்ஃபிடென்ஷியல்ங்க."

அவர்கள் எண் ரகசியம். என் எண்ணுக்கு மட்டும் மூன்று மாதப் பே ஸ்லிப், ஃபார்ம் 16 என்ற வரிப் பிடித்தச் சான்று, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் வேண்டும். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் கையில் கொடுத்த எக்செல் ஷீட்டைப் படிக்கிறார். கோபமெல்லாம் அந்த ஷீட்டைத் தயாரித்தவர்கள்மேல்தான். அதே டீமில், அதே வேலைக்கு, என்னைவிட அனுபவம் குறைந்த ஒருவர் பதினான்கு வாங்குகிறார் என்று பிறகு தெரிந்தது. அவர் முன்பு இருந்த இடத்தில் சம்பளம் அதிகம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் ஊர்ப் பக்கம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். அதில்கூட இரண்டு பேர் கையும் துண்டுக்குள்தான் இருக்கும். இங்கே அவர்கள் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, என் கையை மட்டும் வெளியே நீட்டச் சொல்கிறார்கள்.

இந்த முப்பது சதவீதக் கணக்கு ஆளை எப்படி அடிக்கும் என்று பாருங்கள். விருதுநகர் பக்கத்திலோ பெரம்பலூரிலோ ஒரு கல்லூரியில் படித்து, கேம்பஸில் மூன்றரை லட்சத்துக்குச் சேர்ந்த ஒருவர். பெரிய நகரத்தில் படித்து ஆறு லட்சத்துக்குச் சேர்ந்த இன்னொருவர். இரண்டு பேரும் மூன்று முறை கம்பெனி மாறுகிறார்கள், ஒவ்வொரு முறையும் முப்பது சதவீதம். முதல் ஆள் 7 லட்சத்து 69 ஆயிரத்துக்கு வருவார். இரண்டாவது ஆள் 13 லட்சத்து 18 ஆயிரத்துக்குப் போய்விடுவார். தொடக்கத்தில் இரண்டரை லட்சமாக இருந்த இடைவெளி ஐந்தரை லட்சமாகிவிட்டது. நடுவில் முதல் ஆள் இரண்டாம் ஆளைவிட நன்றாக வேலை செய்தாரா, ராத்திரி இரண்டு மணிக்கு புரொடக்‌ஷன் பிரச்சினையைத் தீர்த்தாரா, எதுவும் இந்தக் கணக்கில் ஏறாது. இருபத்தோரு வயதில், வீட்டுக் கடனுக்கும் தங்கச்சி படிப்புக்கும் பயந்து, கிடைத்த முதல் ஆஃபரில் போட்ட கையெழுத்து நாற்பது வயது வரை துரத்துகிறது.

சென்னையிலிருந்து மாறி வருகிறவர்களுக்கு இன்னொரு அடி. சென்னைச் சம்பளத்தின்மேல் ஹைக் போட்டுவிட்டு, வாடகையையும் அட்வான்ஸையும் பெங்களூர் விலையில் கட்டச் சொல்கிறார்கள்.

பெண்களுக்கு இன்னும் மோசம். பெங்களூர் ஹொரமாவு பகுதியில் இருக்கும் என் தோழி ஜாவா டெவலப்பர். குழந்தைக்காக வேலையை விட்டு, சில வருடம் கழித்துத் திரும்ப வந்தார். இடைப்பட்ட காலத்தில் புதிதாகப் படித்து, கோடிங் தேர்வெல்லாம் எழுதித் தேறினார். கடைசியில் கேட்டது, "லாஸ்ட் ட்ரான் சேலரி எவ்வளவு?" அதாவது கடைசியாக வாங்கிய சம்பளம். அவர் சொன்னது கொரோனாவுக்கு முன்பு வாங்கிய தொகை. அதன்மேல் ஹைக் போடக்கூட இல்லை, "நடுவுல கேப் இருக்கே" என்று அதிலும் குறைத்தார்கள். அரிசி விலையும் ஸ்கூல் ஃபீஸும் அவருக்காக அந்த வருடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறதா? அவர் என்னிடம் போனில் அழுதார். எனக்கு இன்றும் அதை நினைத்தால் கொதிக்கிறது.

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று 1976-லேயே இங்கே சட்டம் வந்தது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் பழைய சம்பளத்தைக் கேட்கக்கூடாது என்று எதிலும் இல்லை. கேட்டுவிட்டு, "நாங்கள் ஆண் பெண் பார்க்கவில்லை, பழைய சம்பளத்தைத்தான் பார்த்தோம்" என்று சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம்.

இதே வாதம் அமெரிக்காவில் கோர்ட் வரை போனது. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ மாவட்டத்தில் ஐலீன் ரிசோ என்பவரைக் கணிதக் கல்வி ஆலோசகராக 2009-இல் வேலைக்கு எடுத்தபோது, பழைய சம்பளத்தோடு ஐந்து சதவீதம் கூட்டி நிர்ணயித்தார்கள். 2012-இல் மதியச் சாப்பாட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, தனக்குப் பிறகு சேர்ந்த ஆண் ஒருவர் தன்னைவிட அதிகம் வாங்குவது அவருக்குத் தெரிந்தது. வழக்கு போட்டார். பழைய சம்பளத்தைக் காட்டி ஊதிய வித்தியாசத்தை நியாயப்படுத்த முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் சொன்னது. மாசசூசெட்ஸ் 2016-இல் சட்டம் கொண்டுவந்து, 2018 ஜூலையிலிருந்து ஆஃபருக்கு முன்பு பழைய சம்பளத்தைக் கேட்பதைத் தடுத்தது. கலிபோர்னியாவில் 2018 ஜனவரியிலிருந்து தடை. 2023-லிருந்து அங்கே பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும்.

எனக்கு ரத்தம் கொதிப்பதே இங்கேதான். தலைமை அலுவலகம் கலிபோர்னியாவில், கிளை பெங்களூர் அவுட்டர் ரிங் ரோட்டில் என்று எத்தனை கம்பெனிகள்! அங்கே போடும் விளம்பரத்தில் இத்தனை டாலரிலிருந்து இத்தனை டாலர் வரை என்று எழுதுகிறார்கள். இங்கே அதே வேலைக்கு, "பெஸ்ட் இன் தி இண்டஸ்ட்ரி" என்று ஒரு வரி. அங்கே சட்டம் தடுத்திருக்கிற கேள்வியை இங்கே நட்சத்திரக் குறி போட்டுக் கேட்கிறார்கள். மனசாட்சியெல்லாம் பேச வேண்டாம், சட்டம் தடுத்தால்தான் நிறுத்துவோம் என்கிறார்கள், வேறென்ன?

விலையை முதலிலேயே சொன்னால் குடி முழுகிவிடும் என்று நடிக்கவும் வேண்டாம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். இளநிலை உதவியாளர், 19,500 முதல் 71,900 வரை என்று அச்சடித்துத் தருகிறார்கள். லட்சக்கணக்கான பேர் எழுதும் தேர்வுக்கே முடிகிறது, பத்துப் பேரை இன்டர்வியூ எடுக்கும் கம்பெனிக்கு முடியாதா?

கேட்கும் அந்த எண்ணாவது உருப்படியான எண்ணா என்றால் அதுவும் இல்லை. ஒன்பது லட்சம் என்கிறார்கள், மாதம் எழுபத்தைந்தாயிரம் என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி என்று வையுங்கள். கம்பெனி கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 54,000, கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை சுமார் 21,600, வேலைத் திறனைப் பார்த்துத் தரும் வேரியபிள் பத்து சதவீதம் என்றால் 90,000, எல்லாம் அந்த ஒன்பதுக்குள்தான். மிச்சத்தில் நம் பங்கு பிஎஃப்பும் தொழில் வரியும் போனால் கைக்கு வருவது ஐம்பத்தாறாயிரத்துச் சொச்சம். நிரந்தர வேலையில் கிராஜுவிட்டி ஐந்து வருடம் இருந்தால்தான் கிடைக்கும். வேரியபிள் வருமா என்பது அவர்கள் மனசு. ஆனால் அடுத்த இடத்தில் என் சிடிசியைச் சொன்னால், "வேரியபிளை நாங்க கணக்குல எடுக்க மாட்டோம்" என்று ஃபிக்ஸட்மேல்தான் ஹைக் போடுவார்கள். கொடுக்கும்போது எல்லாம் சேர்த்தி, கணக்குப் பார்க்கும்போது எல்லாம் தள்ளுபடி.

பேங்க் ஸ்டேட்மென்ட் விஷயம் தனி. அதில் என் சம்பளம் மட்டுமா இருக்கிறது? அப்பாவின் டயாலிசிஸுக்குக் கட்டிய பணம் இருக்கிறது, நகைக் கடன் வட்டி இருக்கிறது, நண்பனிடம் கைமாற்று வாங்கியது இருக்கிறது. இதையெல்லாம் முகம் தெரியாத ஒருவர் பிடிஎஃப்பில் திறந்து பார்த்துவிட்டு, இவருக்குப் பணமுடை, குறைவாகச் சொன்னாலும் வருவார் என்று முடிவெடுக்க முடியும்.

எக்ஸ்பெக்டட் கேள்வியும் இதே வலைதான். குறைவாகச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். அதிகமாகச் சொன்னால், "எதை வெச்சு இவ்வளவு கேக்கறீங்க?" என்று குறுக்கு விசாரணை. பட்ஜெட்டுக்குள் வருமா என்று பார்க்கத்தான் கேட்கிறோம் என்பார்கள். அப்படியானால் பட்ஜெட்டைச் சொல்லுங்கள், வருமா வராதா என்று நான் பத்து வினாடியில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நேரமும் மிச்சம், லீவு போட்டு வந்து அரை நாள் ரிசப்ஷனில் உட்காரும் என் நேரமும் மிச்சம்.

எச்ஆரில் இருக்கும் நம்மவர்களுக்கு: லிங்க்ட்இன்னில் ஆள் தேடும்போது முதல் மெசேஜிலேயே சம்பள வரம்பை எழுதுங்கள், மேலிடம் விடவில்லை என்றால் ஏன் என்று ஒரு முறையாவது மீட்டிங்கில் கேளுங்கள். கர்நாடக அரசுக்கும் மத்தியத் தொழிலாளர் துறைக்கும்: ஆஃபர் கொடுக்கும் முன் பழைய சம்பளம் கேட்பதையும் பே ஸ்லிப் வாங்குவதையும் தடை செய்யுங்கள், விளம்பரத்தில் வரம்பு போடுவதைக் கட்டாயமாக்குங்கள். பழைய சம்பளத்தைக் கேட்கக்கூடாது, விளம்பரத்திலோ இன்டர்வியூவுக்கு முன்போ வரம்பைச் சொல்லிவிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-லேயே ஒரே உத்தரவில் எழுதிவிட்டது.