இந்த வயசுலயும் நாடகமா?

கல்யாண வீடு, காய்கறிக் கடைன்னு எங்க போனாலும் எங்க ரெண்டு பேர்கிட்டயும் இதே கேள்விதான், "இன்னுமா அந்த நவீன நாடகமெல்லாம் பண்றீங்க, ஒண்ணும் புரியவே மாட்டேங்குதே, பேசாம சீரியல்ல அம்மா அப்பா ரோல் கேட்கலாம்ல"ன்னு, கேட்டு கேட்டு வெறுத்துப் போச்சு. அறுபது தாண்டினா மேடையில தரையில உருண்டு நடிக்கக்கூடாதுன்னு சட்டமா என்ன? என் வீட்டுக்காரருக்கு முட்டி வலி, அதுக்கேத்த மாதிரி அசைவை மாத்திக்கிட்டோம், இப்ப அந்த மெதுவான நடையில இருக்கற அழுத்தம் சின்ன வயசுல அவருக்கு வரவே இல்ல.

நியூயார்க்ல ஜூடித் மலினாவும் ஜூலியன் பெக்கும் சேர்ந்து 1947ல லிவிங் தியேட்டர்ங்கற நாடகக் குழுவை ஆரம்பிச்சாங்க, 1985ல ஜூலியன் இறந்ததுக்கப்புறமும் அந்தம்மா விடல, 2013ல வாடகை கட்ட முடியாம அரங்கத்தை காலி பண்ணும்போது அவங்களுக்கு வயசு 86. இங்கயும் வாடகைதான் கழுத்தை நெரிக்குது, ரிகர்சல் ஹால் மாடியில, லிஃப்ட் கிடையாது, ரேட்டை மட்டும் ஏத்திக்கிட்டே போறாங்க.

அட்வைஸ் பண்றவங்க ஒரு தடவையாவது டிக்கெட் வாங்கி வந்து உட்காருங்கப்பா, புரியலன்னா முடிஞ்சதும் எங்ககிட்டயே கேளுங்க, எவ்வளவு நேரமானாலும் பேசுவோம்.