கிராம சபைக்குத் தலைக்கட்டு வரி ரசீது வேண்டாம்

“தலைக்கட்டு வரி கட்டாதவர்கள், நிலம் இல்லாதவர்கள், பிழைக்க வந்தவர்கள் கிராம சபையில் பேசக் கூடாது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள்தான். அரசமைப்புச் சட்டத்தின் 243-வது பிரிவிலும் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-லும் பார்த்துக்கொள்ளலாம். பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டால், போன வருடம் வந்த மருமகளும் வாடகை வீட்டுக் கூலித் தொழிலாளியும் நாற்பது ஏக்கர்காரரும் கையெழுத்துப் போடுவது ஒரே வருகைப் பதிவேட்டில்.

தலைக்கட்டு வரி கோயில் திருவிழாவுக்கு ஊர் வைத்துக்கொண்ட வழக்கம். ஊர்க்கூட்டம் வேறு, கிராம சபை வேறு. (தெரியாமல் குழப்பினார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.)

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களுக்குத் தயங்காமல் போங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.