பரீட்சை முடிந்த பிள்ளைகளும் ஆற்று மடுவும்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்துவிட்டால், செய்தித்தாளில் மாவட்டப் பக்கத்தைத் திறக்கவே எனக்குப் பயம். "குளிக்கச் சென்ற மாணவர்கள் நீரில் மூழ்கி பலி" என்று ஒரு மூலையில் வந்திருக்கும். ஊர்ப் பெயர்தான் மாறும். பள்ளிக்கூடம் திறக்கும்வரை இது ஓயாது.

பதின்ம வயதுப் பிள்ளைகள் நோயில் சாவது குறைவு. கைக்குழந்தைகளைக் கொண்டுபோகும் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் தாண்டி வந்தவர்கள். சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது. உடம்பு உரமாக இருக்கும் அந்த வயதில் அவர்களைப் பறிப்பதில் முன்னால் நிற்பவை சாலை, தற்கொலை, தண்ணீர்.

முதல் இரண்டைப் பற்றி நாம் பேசவாவது செய்கிறோம். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-இல் சட்டத்தையே திருத்தினார்கள். மனம் உடைந்த பிள்ளை பேசுவதற்கு 14416, 104 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. பரீட்சையில் தவறியவர்கள் ஒரு வருடம் காத்திருக்காமல் எழுதத் துணைத்தேர்வு வந்தது. இதெல்லாம் போதாது, எனக்குத் தெரியும். ஆனாலும் தடுக்க வேண்டிய சாவு என்று அவற்றை ஒப்புக்கொண்டுவிட்டோம். தண்ணீரில் போன பிள்ளைக்கு மட்டும் "அவன் விதி அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். அந்த வார்த்தையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2021-இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 5 முதல் 14 வயதுக்குள் நேரும் இறப்புகளுக்கு இது மூன்றாவது பெரிய காரணம். இந்தியாவில் ஆண்டுக்கு 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் போவதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுக் கணக்குகள் காட்டுகின்றன.

நம் பக்கத்தில் நடந்தவற்றைப் பாருங்கள். 2022 ஜூனில் கடலூர் மாவட்டம் குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணைப் பக்கம் குளிக்கப் போன 7 பேர். அத்தனை பேரும் சிறுமிகளும் இளம்பெண்களும். 2023 பிப்ரவரியில், கால்பந்துப் போட்டிக்காக வந்த புதுக்கோட்டை மாவட்ட அரசு நடுநிலைப் பள்ளி மாணவிகள் 4 பேர், கரூர் மாவட்டம் மாயனூர்க் காவிரியில். அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை மூவரசம்பட்டுக் குளத்தில் தீர்த்தவாரிக்கு இறங்கிய இளைஞர்கள் 5 பேர்.

ஏழு, நான்கு, ஐந்து. இப்படிக் கொத்துக் கொத்தாகப் போவதற்குக் காரணம் உண்டு. ஒருவர் ஆழத்தில் மாட்டுவார். கூட வந்தவர் கை கொடுக்கப் போவார். மூழ்குகிறவர் உயிர் பிழைக்கும் வேகத்தில் அவருடைய கழுத்தைக் கட்டிக்கொள்வார். இருவரும் உள்ளே போவதைப் பார்த்து மூன்றாவது ஆள் குதிப்பார். சிநேகிதிக்காகக் குதிக்கிற பிள்ளையைவிட நல்ல பிள்ளை உண்டா? அப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இறங்கக்கூடாது. எறிய வேண்டும். துப்பட்டா, வேட்டி, கயிறு, மூங்கில் கழி, எது கிடைத்தாலும் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நீட்ட வேண்டும். மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேன் ஒன்றை வீசினால்கூட ஒரு ஆளைத் தாங்கும். கரையில் இருந்தபடியே கத்தி ஆட்களைக் கூப்பிட வேண்டும். இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு மாலையில் செய்தே காட்டிவிடலாம்.

இன்னொன்று. நீரில் மூழ்குகிறவர் "காப்பாத்துங்க" என்று கையை ஆட்டிக் கத்துவார் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சு எடுக்கவே வாய் தண்ணீருக்கு மேலே நிற்பதில்லை, கத்துவது எங்கே? தலை பின்னால் சாயும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். சில விநாடிகளில் ஆள் உள்ளே போய்விடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் விளையாடுகிறான் என்றே நினைப்பார்கள். அதனால்தான் கரையில் ஒரு பெரியவர், செல்போனைப் பார்க்காமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

தூக்கிக் கரையில் போட்ட பிறகும் தவறு நடக்கிறது. தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது. இரண்டுமே வேண்டாம். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நடு நெஞ்சை அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 முறை ஊதுவது, ஆம்புலன்ஸ் வரும்வரை. பிராணவாயு இல்லாமல் மூளை தாங்குவது சில நிமிடம்தான். 108 வண்டி வந்து சேர அதைவிட நேரமாகும், அதனால் அந்த நிமிடங்கள் கரையில் நிற்பவர்கள் கையில்தான். பிள்ளை கண் திறந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும்.

நான் பிறந்தது குளித்தலைப் பக்கம். காவிரி நாங்கள் பார்த்து வளர்ந்த ஆறு. அப்போது கரையிலிருந்து மணல் சரிவாக இறங்கும். முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஆழம் முன்கூட்டியே தெரியும். மணலை இயந்திரம் வைத்து அள்ளிய இடத்தில் அந்தச் சரிவு கிடையாது. இடுப்பளவில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடியில் கால் நிலைக்காது. மேலே தண்ணீர் அமைதியாகவே இருக்கும். கைவிட்ட கல்குவாரி இன்னும் மோசம். நான்கு பக்கமும் செங்குத்துப் பாறை, ஏறிவரப் படி கிடையாது, அடியில் தண்ணீர் சில்லென்று இருக்கும். வேலி போட வேண்டியது குத்தகைதாரரின் சட்டப்படியான கடமை. எத்தனை குவாரியில் வேலியைப் பார்த்திருக்கிறீர்கள்?

பெண் பிள்ளைகளைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணன்கள் இருவருக்கும் பெரியப்பா இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி, தோட்டத்துக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்கினார். எனக்கும் அக்காவுக்கும் மேலே நின்று பார்க்கத்தான் அனுமதி. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" ஆனால் துணி துவைக்கவும், ஆடிப்பெருக்குக்கு முளைப்பாரி விடவும், தண்ணீருக்குள் இறங்கியது நாங்கள்தான். குச்சிப்பாளையத்திலும் மாயனூரிலும் போனது அத்தனையும் பெண் பிள்ளைகள் என்று படித்தபோது எனக்கு அந்தக் கிணற்று மேடுதான் மனசில் வந்தது.

என் மகளுக்கு ஒன்பது வயதில் என் அண்ணனே பழக்கினார். முதலில் கை கால் அடிக்க விடவில்லை. மல்லாந்து மிதக்கத்தான் சொல்லிக் கொடுத்தார். "காது ரெண்டும் தண்ணிக்குள்ள போகட்டும் பாப்பா, வானத்தப் பாரு, வயித்தத் தூக்கு." காதில் தண்ணீர் போகும் என்ற பயம் தெளியவே அவளுக்கு மூன்று நாலு நாள் ஆனது. அது தெளிந்த பிறகு ஒரே வாரத்தில் நீந்தினாள். இன்றைக்கு அந்தக் கிணறுகள் தூர்ந்துவிட்டன, எல்லாம் போர்வெல். பையன்களுக்குக்கூட இப்போது பழக இடமில்லை. நீச்சல் குளமோ நகரத்தில், அதுவும் கட்டணத்தோடு.

பணமில்லை என்று சொல்பவர்களுக்கு வங்கதேசத்தைக் காட்டுவேன். அதுவும் பணக்கார நாடு இல்லை. ஊர்க் குளத்துக்குள்ளேயே மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டி, பிள்ளைகளுக்குப் பிழைக்கும் நீச்சலைக் கற்றுத் தருகிறார்கள். 25 மீட்டர் நீந்தணும், 30 விநாடி மிதக்கணும், கரையிலிருந்தே கழி நீட்டி இன்னொருவரை இழுக்கணும். அவ்வளவுதான் பாடம். கற்றுக்கொண்ட பிள்ளைகளிடம் சாவு பெருமளவு குறைந்தது.

நம்மூரில் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் நிவாரணத் தொகை அறிவிப்பு, ஆசிரியர்கள் பணியிடை நீக்கம், "ஆழமான பகுதி, குளிக்கத் தடை" என்று ஒரு பலகை. வெயில் காலத்தில் பதினைந்து வயதுப் பிள்ளையை ஒரு பலகை நிறுத்திவிடும் என்று நான் நம்பவில்லை. அவன் தண்ணீருக்குப் போவான். போகிறவன் திரும்பி வரத் தெரிந்தவனாக இருக்க வேண்டும், அது பள்ளிக்கூடத்தின் வேலை. அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்தே, பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளரோடு, நீச்சல் கட்டாயப் பாடமாக வேண்டும்.

அது வரும்வரை உங்கள் ஊரில் செய்ய ஒன்று இருக்கிறது. மே 1 அன்று கிராம சபை கூடும். மூன்று கோரிக்கையை எழுதிக்கொண்டு போங்கள். கைவிட்ட குவாரிக்கும் திறந்த கிணற்றுக்கும் வேலி. குளிக்கும் துறை ஒவ்வொன்றிலும் நீளக் கயிறு கட்டிய டயர் ட்யூபும் ஒரு மூங்கில் கழியும். ஆற்றில் எங்கே மடுவு, எங்கே மணல் அள்ளிய குழி என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு அடையாளக் கம்பு நடுவது. கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.